படிக்கு எத்தனை கிலோ? – ஒரு கரிசக்காட்டுக் கணக்கு

"ஒரு படி அரிசி எத்தனை கிலோ?" இதைப் பத்துப் பேர்கிட்ட கேட்டுப் பாருங்க. ஒருத்தர் முக்கால் கிலோம்பார். இன்னொருத்தர் ஏறக்குறைய ஒரு கிலோம்பார். சென்னைப் பக்கத்துக்காரர் ஒன்றரை கிலோன்னு சத்தியம் பண்ணுவார். வேடிக்கை என்னன்னா, மூணு பேர் சொல்றதும் அவங்கவங்க வீட்டுப் படிக்குச் சரிதான்.

அப்பப்ப 'நம் முன்னோர் அளவைகள்'னு ஒரு பட்டியல் சுத்தி வரும், பார்த்திருப்பீங்க. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஒரு ஆழாக்கு, 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் (குறுணி), 12 மரக்கால் ஒரு கலம். பட்டியலுக்குக் கீழே தமிழன் பெருமைன்னு ஒரு வரி. சமையல் குறிப்பு எழுதுற நண்பர்கள் அதுல இருந்து ஒரு வரியை எடுத்து, பக்கத்துல ஒரு கிலோ கணக்கைச் சேர்த்துப் போட்டுடறாங்க. பட்டியல்ல தப்பு இல்லை. ஆனா அந்தப் படி எந்தக் காலத்துப் படி, எந்த ஊர்ப் படி, யார் கையில இருந்த படிங்கிறதை அது சொல்றதில்லை. எனக்குத் தெரிஞ்ச அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தை வச்சு அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லலாம்னு இந்தப் பதிவு. நீளம் கூடத்தான். டீ போட்டுக்கிட்டு உக்காருங்க :-)

முதல்ல ஊர். 1910-ல உருவான ராமநாதபுரம் ஜில்லாவில இருந்து, 1985-ல பிரிஞ்சு இன்னிக்கு விருதுநகர் மாவட்டத்துல இருக்கிற மானாவாரி பூமி. திருச்சுழி குண்டாற்றங்கரையில இருக்கு. ரமணர் பிறந்த ஊர்னு வெளியூர்க்காரங்களுக்குத் தெரியும். கண்மாய் இருக்கிற இடத்துல நெல்லு. மத்தபடி கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய், பருத்தி. வானம் பார்த்த விவசாயம். மகசூல் குறைச்சலான ஊர்ல அளவு முக்கியம். மூட்டைக் கணக்கில் விளையுற ஊர்ல ஆழாக்கு குறைஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க. இங்க கேப்பாங்க.

நம்ம ஆளுங்க பொருளை அளக்க நாலு வழி வச்சிருந்தாங்க: எண்ணல், நிறுத்தல், முகத்தல், நீட்டல். தேங்காய் எண்ணுறது. பூ முழம் போடுறது. தானியம், எண்ணெய், மோர் இதெல்லாம் முகந்து அளக்கிறது. வத்தல், புளி, வெல்லம், கருப்பட்டி தராசுல நிறுக்கிறது. வத்தலை ஏன் படியில அளக்கலை? அதுல பாதிக்கு மேல காத்து. காம்பு குத்திக்கிட்டு நிக்கும், அழுத்தினா நொறுங்கும். படியில போட்டா வாங்குறவனுக்கும் விக்கிறவனுக்கும் தினம் சண்டைதான். தானியம் அப்படி இல்லை. தண்ணி மாதிரி ஓடி வந்து படியை நிரப்பும். அதனால அதுக்குத் தராசு தேவைப்படலை.

ரெண்டு வழியும் ரொம்பப் பழசு. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்துல, அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எந்தெந்த எழுத்துல தொடங்கும்னு ஒரு சூத்திரமே இருக்கு. ஒன்பது எழுத்து. உரைகாரர்கள் அதுக்கு உதாரணம் சொல்றப்ப அளவுக்குக் கலம், தூதை, நாழி, உழக்குன்னும், நிறைக்குக் கழஞ்சு, தொடி, பலம்னும் வரிசையாச் சொல்லிட்டுப் போறாங்க. நிறைப் பட்டியல்ல 'சீரகம்'னு ஒன்னு வருது பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சது. நம்ம அஞ்சறைப்பெட்டிச் சீரகத்தின் பேர்ல ஒரு எடை!

சரி, அந்தப் பழைய நாழி எவ்வளவு பெரிசு? இதை வீட்டுலயே கண்டுபிடிக்கலாம். (நாழியும் படியும் வாய்பாட்டுல ஒன்னுதான்.) 360 நெல்லுல ஆரம்பிச்சுப் பெருக்கிக்கிட்டே போனா ஒரு நாழிக்கு 14,400 நெல். பழைய கணக்கு வாய்பாட்டுல இன்னும் சில தானியங்களுக்கும் எண்ணிக்கை உண்டு: பயறு 14,800, அரிசி 38,000, எள் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துச் சொச்சம். ஆயிரம் நெல் சுமார் 22 கிராம் இருக்கும். அப்ப 14,400 நெல் 317 கிராம். நெல்லு உமியோட இருக்கிறதால லேசு, ஒரு லிட்டர் பாத்திரத்துல 570 கிராம் போல பிடிக்கும். கணக்குப் போட்டா நாழி சுமார் 560 மி.லி. பாசிப்பயறு ஆயிரம் 35 கிராம், லிட்டருக்கு 800 கிராம்னு வச்சா 650 மி.லி. வருது. எள் ஆயிரத்துக்கு 3 கிராம், லிட்டருக்கு 600 கிராம்னா 575 மி.லி. அரிசி மட்டும் ரகத்துக்கு ரகம் மாறும். சீரகச்சம்பாவுக்கு ஒரு கணக்கு, மோட்டா அரிசிக்கு ஒரு கணக்கு.

மூணு தானியம், மூணு தனித்தனிக் கணக்கு. எல்லாமே அரை லிட்டருக்கு மேல, முக்கால் லிட்டருக்குக் கீழ நிக்குது. ஆக, வாய்பாட்டுப் படி இன்னிக்கு நாம நினைக்கிற படி இல்லை. அதுல அரிசி அளந்தா அரைக் கிலோதான் வரும். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்துல 'ஒரு படி = ஒன்றரை கிலோ'ன்னு போடுறது, தாத்தா சட்டையைப் பேரனுக்கு மாட்டுற கதை.

இப்படி ஒன்னை இன்னொன்னா மாத்துற கணக்கு கல்வெட்டுலயும் உண்டு. திருச்சுழிக்குப் பக்கத்துல பள்ளிமடம்னு ஒரு ஊர். அங்க இருக்கிற காளநாதர் கோயில் பத்தாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துப் பள்ளிப்படை. சுந்தரபாண்டிய ஈச்சுவரம்னு பேர். 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன் காலத்துக் கல்வெட்டுகள்ல விளக்கு எரிக்க ஆடு கொடுத்த சேதி வருது. ஆடு எப்படி விளக்கு எரிக்கும்? ஆட்டை வாங்கிக்கிறவன் தினம் இவ்வளவு நெய் அளந்து கொடுக்கணும். சோழநாட்டுல 90 இல்லேன்னா 96 ஆட்டுக்குத் தினம் ஒரு உழக்கு நெய்ங்கிறது வழக்கமான கணக்கு. 'சாவா மூவாப் பேராடு'ன்னு எழுதுவாங்க: செத்தாலும் கிழடு தட்டினாலும் புதுக்குட்டி வச்சு எண்ணிக்கையைக் குறையாம வச்சுக்கோங்கிற அர்த்தம். ஆட்டை எண்ணிக் கொடுத்து நெய்யை முகந்து வாங்குற ஒப்பந்தம்.

எந்த அளவால முகக்கணும்ங்கிறதையும் எழுதி வச்சாங்க. தஞ்சைப் பெரிய கோயில்ல 'ஆடவல்லான்'னு ஒரு மரக்கால் இருந்துது. அது 'ராஜகேசரி' மரக்காலுக்குச் சமம்னு கல்வெட்டே சொல்லுது. ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? மரக்கால்னு மட்டும் எழுதினா நாளைக்கு ஒருத்தன் சின்ன மரக்காலைத் தூக்கிக்கிட்டு வந்து நிப்பான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்.

அடுத்து கம்பெனிக்காரன். 1835-ல இந்தியா பூராவுக்கும் ஒரே வெள்ளி ரூபாயை அடிச்சான். அந்த நாணயத்தோட எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இதுல ஒரு லாபம்: ரூபாயே எடைக்கல் ஆயிடுச்சு. பழைய சமையல் நோட்டுகள்ல 'ரெண்டு ரூபாய் எடை மல்லி'ன்னு வந்தா விலைன்னு நினைச்சுக்காதீங்க, எடை. மூணு தோலா ஒரு பலம் (35 கிராம்), நாப்பது பலம் ஒரு வீசை (1.4 கிலோ). அருப்புக்கோட்டைச் சந்தையில வத்தலும் புளியும் இந்த வீசையிலதான் போச்சு.

சென்னைப் பட்டணத்துல கம்பெனி வச்சிருந்த படி சுமார் நூறு கன அங்குலம். லிட்டர்ல 1.6 சொச்சம். அதுதான் 'பட்டணம் படி'. வாய்பாட்டு நாழியைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு. தெக்க வரவர சின்னப்படி, பெரியபடின்னு ஊருக்கு ஒன்னு. திருநெல்வேலிப் பக்கம் போனா 21 மரக்கால் ஒரு கோட்டைன்னு வேற கணக்கு. பேர் ஒன்னுதான், வயிறு வேற.

படி அளவு ஒன்னாவே இருந்தாலும் கிலோ ஒன்னா வராது. தலைதட்டி அளந்த ஒரு லிட்டர் படியில என்னென்ன எவ்வளவு பிடிக்கும்னு தோராயமாச் சொல்றேன்:

பச்சரிசி – 800 முதல் 850 கிராம்
உளுந்து, பயறு – 800 கிராம் சுத்தி
கம்பு – 800 கிராம் சுத்தி
நெல் – 550 முதல் 600 கிராம்
எள் – 600 கிராம்
மாவு வகை – 500 முதல் 600 கிராம், அழுத்தினா இன்னும் கூடும்
கொத்தமல்லி விதை – 300 முதல் 350 கிராம்
நல்லெண்ணெய், உருக்கின நெய் – 910, 920 கிராம்

மல்லியைப் பாருங்க. அரிசியில பாதிகூட இல்லை. இதை வச்சு நம்ம ஊர் வியாபாரத்துல ஒரு சின்ன முடிச்சு அவிழும். விருதுநகர் மார்க்கெட் விலைப்பட்டியல்ல உளுந்து மூட்டைக்கு 100 கிலோ, மல்லி மூட்டைக்கு 40 கிலோன்னு இருக்கும். ஏன் இந்த ஓரவஞ்சனை? கணக்குப் போட்டேன். 100 கிலோ உளுந்து பிடிக்கிற சாக்கு 125 லிட்டர். அதே சாக்குல மல்லியைக் கொட்டினா 40 கிலோதான் பிடிக்கும். ரெண்டும் ஒரே சாக்கு. எடை எழுதுறோம்னு நினைச்சுக்கிட்டு முகத்தல் அளவைத்தான் எழுதிக்கிட்டு இருக்கோம்னு எனக்குப் படுது.

இதுவரைக்கும் சொன்னது கணக்கு. இனிமே சொல்லப் போறதுதான் மேட்டர்.

படியில அளக்க ரெண்டு முறை. ஒன்னு தலைதட்டி: குச்சியால விளிம்போட வழிச்சு விடறது. இன்னொன்னு கும்பாரமா, கோபுரம் மாதிரிக் குவிச்சு. அரிசியைக் குவிச்சா சுமார் முப்பது டிகிரிச் சரிவுல நிக்கும். பத்து செ.மீ. வாய் உள்ள உயரமான லிட்டர் படின்னா கோபுரத்துல 75 மி.லி.தான் கூடும், ஏழரை சதவீதம். அதே ஒரு லிட்டர் படியைப் பதினாலு செ.மீ. வாய் வச்சு குட்டையாச் செஞ்சா கோபுரம் மட்டும் 200 மி.லி., இருபது சதவீதம். உள்ளளவு ரெண்டுக்கும் ஒன்னுதான். இதுல குலுக்கி அளக்கிறது, குலுக்காம அளக்கிறதுன்னு இன்னொரு வித்தை வேற இருக்கு. ஒரு தடவை தரையில தட்டினா தானியம் இறங்கி இன்னும் ஒரு கைப்பிடி கேக்கும்.

கூலி தானியமா இருந்த காலத்தை இதோட சேர்த்து யோசிங்க. கருது அறுப்புக்குப் போறவங்களுக்குக் களத்துலயே படி போட்டு அளந்து கொடுப்பாங்க. பேச்சுக்கு நாலு படி கூலின்னு வைங்க. குவிச்சு அளக்க வேண்டியதைத் தலைதட்டிக் கொடுத்தா, வாய் அகலமான படியில முக்கால் படிக்கு மேல போச்சு. ஒரு ஆள் ஒரு நாள் சாப்பாடு. யாரும் பொய்ப் படி வைக்கலை, கள்ளக்கணக்கு எழுதலை. உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்ச்சு வழிச்சாங்க, அம்புட்டுத்தான். வாரம் வாங்குறப்ப அதே உள்ளங்கை வழிக்காது.

எங்க அப்பத்தா அப்படிக் கூலிக்குப் போனவங்க. களத்துல அளக்கிறப்ப முதப் படியை 'ஒன்னு'ன்னு சொல்ல மாட்டாங்க, 'லாபம்'னு சொல்லி ஆரம்பிப்பாங்க. அப்புறம் ரெண்டு, மூணு. மங்கலமான வழக்கம். லாபம் யாருக்குன்னுதான் அப்பத்தாவுக்குக் கேள்வி. வீட்டுக்கு வந்ததும் முந்தியில கட்டிட்டு வந்ததை எங்க வீட்டுப் படியில இன்னொரு தடவை அளந்து பார்ப்பாங்களாம். குறைஞ்சிருந்தா என்ன பண்ண முடியும்? ஒன்னும் பண்ண முடியாது, திரும்பப் போயிக் கேட்டா அடுத்த நாள் வேலை இருக்காது. ஆனா அளக்காம ஒரு நாளும் உலையில போட்டதில்லை. "அளக்கிற நாழி அகவிலை அறியுமா"ன்னு ஒரு சொலவடை உண்டு. நாழிக்குத் தெரியாதுதான், உலை வைக்கிறவளுக்கு நல்லாத் தெரியும்.

அதனாலதான் கிலோ வந்ததை ஏதோ நம்ம பாரம்பரியத்தைப் பறிச்சுக்கிட்ட மாதிரிப் பேசறப்ப எனக்கு ஒட்ட மாட்டேங்குது. 1956-ல எடை, அளவுத் தரநிர்ணயச் சட்டம் வந்துது. 1958 அக்டோபர்ல மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வர ஆரம்பிச்சு, 1962க்குள்ள கடை வியாபாரத்துல பழைய எடைக்கு விடை கொடுத்தாச்சு. படி போய் முத்திரை குத்தின லிட்டர் வந்துது; அப்புறம் தானியம் தராசுக்கே போயிடுச்சு. தராசுல கோபுரம் கட்ட முடியாது. வாய் அகலம், குட்டை, நெட்டை எதுவும் செல்லாது.

ஏமாத்து ஒழிஞ்சிடுச்சான்னா, இல்லை. தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டின கதை எல்லா ஊர்லயும் உண்டு. பருத்தியில ஈரம்னு சொல்லி எடையைக் கழிக்கிற புலம்பலை இன்னிக்கும் கேக்கலாம். படியில ஈரத்தால ஆதாயம் கம்மி. எடையில தண்ணிக்கும் காசு. ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. எடைக்கல்லுல முத்திரை இல்லைன்னா புகார் கொடுக்கலாம். உள்ளங்கைச் சாய்வு மேல யார்கிட்டப் போய்ப் புகார் கொடுக்கிறது?

சட்டம் மாறினாலும் வாய் மாறலை. 1967 தேர்தல்ல அண்ணா ரூபாய்க்கு மூணு படி அரிசின்னு வாக்குறுதி கொடுத்தார். "மூணு படி லட்சியம், ஒரு படி நிச்சயம்"ங்கிற கோஷம் அப்ப இருந்தவங்க யாருக்கும் மறந்திருக்காது. கிலோ கட்டாயமாகி அஞ்சு வருஷம் ஆன பிறகும் ஓட்டுக் கேக்கப் படிதான் தேவைப்பட்டுது, ஏன்னா வீட்டுல உலை வைக்கிறது படிக் கணக்குல. ஜெயிச்சு வந்து ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலயும் கோவையிலயும் தொடங்கினாங்க. 2008 செப்டம்பர்ல ரேஷன்ல ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ. 2011 ஜூன்ல இருந்து இலவசம். நாப்பது வருஷத்துல மேடைப் பேச்சும் படியில இருந்து கிலோவுக்கு மாறிடுச்சு.

அடுப்படி மட்டும் இன்னும் முழுசா மாறலை, மாற வேண்டியதும் இல்லைம்பேன். இட்லிக்கு நாலுக்கு ஒன்னு அரிசி உளுந்துன்னு உழக்கால அளந்தாலும் எடையால அளந்தாலும் விகிதம் பெரிசா மாறாது. ரெண்டும் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரே எடை. வம்பு எங்கன்னா, ஒரு பொருளை முகந்தும் இன்னொன்னை நிறுத்தும் எழுதின குறிப்புகள்ல. எங்க பெரியம்மா நோட்டுல அதிரசத்துக்கு 'ஒரு படி பச்சரிசி, ஒரு வீசை வெல்லம்'னு இருக்கு. வீசை தெரியும், 1.4 கிலோ, அதுல சந்தேகம் இல்லை. எந்தப் படி? லிட்டர் படின்னா 820 கிராம் அரிசிக்கு 1.4 கிலோ வெல்லம். பாகு மாவை முழுங்கிடும், அதிரசம் எண்ணெயில கரைஞ்சு ஓடும். பட்டணம் படியைக் குவிச்சு அளந்தா அரிசி ஒன்றரை கிலோ கிட்ட வரும். அப்ப கிட்டத்தட்டச் சரிக்குச் சரி, அதிரசம் நிக்கும். ஆக, குறிப்பு எழுதினவங்க கையில இருந்தது பட்டணம் படி. வெல்லத்தை வச்சே படியைக் கண்டுபிடிச்சிடலாம்.

1951-ல வந்த மீனாட்சி அம்மாளோட 'சமைத்துப் பார்' மாதிரி, மெட்ரிக் சட்டத்துக்கு முந்தின காலத்துப் புத்தகத்தையோ உங்க வீட்டுப் பாட்டி நோட்டையோ மாத்தி எழுதுறவங்க இந்த வேலையைச் செஞ்சு பாருங்க. உப்புல கூடுதல் கவனம் வேணும். கல் உப்புக்கு இடுக்குல காத்து இருக்கும். ஊறுகாய்க் குறிப்புல ஆழாக்கு உப்புன்னு இருக்கிறதை அதே ஆழாக்குத் தூள் உப்பால போட்டா வாயில வைக்க முடியாது.

ஒரே ஒரு வேண்டுகோளோட முடிச்சுக்கிறேன். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப பரண்ல கிடக்கிற படி, உழக்கு, ஆழாக்கை இறக்குங்க. இப்ப எல்லார் வீட்டுலயும் சின்ன டிஜிட்டல் தராசு இருக்கு. காலிப் படியை வச்சுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. எத்தனை கிராமோ அத்தனை மி.லி. மரப்படின்னா தண்ணிக்குப் பதிலா அரிசியைத் தலைதட்டிப் போட்டு, அதே அரிசியை லிட்டர்ல ஒரு தடவை நிறுத்து ஒப்பிட்டுக்கோங்க. வாய் அகலத்தையும் ஸ்கேல் வச்சு எழுதிக்கோங்க, அது ரொம்ப முக்கியம். எந்த ஊர், யார் வச்சிருந்தது, கூலி அளந்ததா, கடையில அளந்ததா, அடுப்படியில மட்டும் இருந்ததான்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு வைங்க. பழைய இரும்புக்காரர் வந்து எடைக்குப் போட்டுட்டா அந்தப் படி எத்தனை கிலோங்கிறது மட்டும்தான் மிஞ்சும். கேட்டதைப் பின்னூட்டத்துல போடுங்க, ஊர் வாரியா ஒரு பட்டியல் சேர்த்துடலாம்.